பெயர் சொல்லாத சாட்சி

“உங்கள் கணவர் பெயர் என்ன?”

கேள்வி மிகச் சாதாரணமானது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை மலாயில் கேட்டார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அம்மா தமிழில் கேட்டார். சாட்சிக் கூண்டில் நின்ற அஞ்சலையக்கா, தோளில் கிடந்த பூப்போட்ட துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஷா ஆலம் உயர் நீதிமன்றத்துக் குளிர்சாதனத்துக்கு இரக்கம் என்பதே கிடையாது. ஆனால் அக்கா வாய் மூடி நின்றது குளிரால் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

மறுபடியும் கேட்டார்கள். அக்கா மொழிபெயர்ப்பாளர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“பத்துமலையில நிக்கிறாரே, அவரு பேர்ல ஒண்ணு.”

மொழிபெயர்ப்பாளர் தன் கடமையைச் செய்தார். சாட்சி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே மலாயில் சொல்லிவிட்டார்.

“ஓ, கணவர் பத்துமலையில் வேலை செய்கிறாரா?” என்று கேட்டார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். பத்துமலையில் நிற்பது கோவில் சாமி என்று அவருக்குத் தோன்றவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அஞ்சலையக்கா என் கட்சிக்காரர். கிள்ளானில் பாதி ஆயுள் உழைத்து வாங்கிய அவருடைய ஒரே வீட்டை யாரோ அவர் பெயரில் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டார்கள். அதை வாங்கிய கம்பெனியிடமிருந்து மீட்கத்தான் அந்த வழக்கு. விற்றது நான் இல்லை என்று சொல்ல வந்தவர், ஆரம்பத்திலேயே கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். பதில் சொல்லாவிட்டால் அது உங்களுக்கு எதிராகக் கணக்கில் கொள்ளப்படலாம் என்று பொறுமையாக எச்சரித்தார். மொழிபெயர்ப்பாளர் எழுந்து நீதிபதியை மரியாதையாக விளித்து, “யாங் ஆரிஃப், எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு” என்று ஆரம்பித்தார். எதிர்த்தரப்பு உடனே ஆட்சேபித்தது. மொழிபெயர்ப்பாளர் சாட்சி அல்ல, வழக்கத்தைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இல்லை என்றார் வழக்கறிஞர். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

முறுக்கு சுட்ட காலை

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

அஞ்சலையக்கா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தீபாவளிக்கு முன்பு ஒருநாள் காலை முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு பேர் வந்து வாசலில் கார் நிறுத்தும் இடத்தை நாடா பிடித்து அளந்தார்கள். நகராண்மைக் கழகத்து ஆட்கள் என்று நினைத்து அக்கா அவர்களுக்குத் தேநீரும் சூடான முறுக்கும் கொடுத்திருக்கிறார். குடித்து முடித்த பிறகுதான் அவர்கள், இந்த வீட்டை எங்கள் கம்பெனி வாங்கிவிட்டது என்று சொன்னார்கள்.

இதற்கெல்லாம் பின்னால் இருந்தவன் குணா என்ற தரகன். அதே வட்டாரத்து ஆள், கோவில் திருவிழாவில் அன்னதானத்துக்கு அரிசி தூக்குகிறவன். கூரை ஒழுகும் வீடுகளுக்கு அரசாங்க உதவி வாங்கித் தருகிறேன் என்று வந்து, அக்காவின் ஐசி, அதாவது அடையாள அட்டையின் நகலையும், நாம் கிராண் என்கிற வீட்டுப் பத்திரத்தையும் வாங்கிப் போனான். இரண்டு நாளில் பத்திரத்தைத் திருப்பியும் கொடுத்தான். கொடுத்தது கலர் நகல். அக்கா அதைப் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அசல் பத்திரத்தோடும், வேறொரு பெண்ணின் படம் ஒட்டிய போலி ஐசியோடும் அந்தப் பெண் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய் ‘அஞ்சலை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அக்கா முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இது சிவில் வழக்கு, வழக்கறிஞரைப் பாருங்கள் என்றார்கள். கிள்ளானில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார். முதலில் போலீஸ் ரிப்போர்ட் கொண்டு வாருங்கள் என்றார் அவர். இப்படிச் சில வாரம் பந்து மாதிரி அங்கும் இங்கும் உதைபட்டு, கடைசியில் கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகப் படியேறினார். கூடவே நீலச்சட்டை போட்ட கணவரும் வந்திருந்தார்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கும் உங்களுக்குத்தான் என் குணம் தெரியுமே. அந்த நிமிடமே கைப்பையை எடுத்துக்கொண்டு நானே அவரோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே நான் பேசிய மலாய் மிக மரியாதையானது. ஆனால் ரிப்போர்ட் எழுதி முடிக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அங்கிருந்து நேராக நில அலுவலகம். வீட்டின் மேல் கேவியட் போட்டோம். யாரும் இதை இனிக் கைமாற்ற முடியாதபடி பதிவேட்டில் வைக்கும் தடை அது. மோசடியில் முதல் வேலை இதுதான். கம்பெனி அதை ஒன்றும் அறியாத இன்னொருவருக்கு விற்றுவிட்டிருந்தால், அப்புறம் மீட்பது மிகவும் கஷ்டம். அழுவதற்கும் சாபம் விடுவதற்கும் பிறகு நேரம் கிடைக்கும்.

ஒரு திருட்டு, இரண்டு வழக்கு

போன வாரம் மோசடி வழக்குகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு காஜாங்கிலிருந்து ஒரு வாசகர், ஒரே ஏமாற்றுக்கு எதற்கு இரண்டு கோர்ட், வழக்கறிஞர்கள் பிழைப்பதற்கா என்று கேட்டிருக்கிறார். பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன்.

குற்றவியல் வழக்கு அரசாங்கத்துடையது. போலீஸ் விசாரிக்கும், அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டுவார், தண்டனை வாங்கித் தருவார். ஏமாந்தவர் அதில் ஒரு சாட்சி மட்டும்தான். திருடன் சிறைக்குப் போனாலும் பத்திரத்தில் பெயர் தானாக மாறாது. வீடு திரும்ப வேண்டுமென்றால் அதைப் பறிகொடுத்தவர் தானே சிவில் வழக்குப் போட வேண்டும்.

தராசும் வேறு வேறு. சிவிலில் நம் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தால் போதும். குற்றவியலில் நியாயமான சந்தேகம் ஒரு துளி மிஞ்சினாலும் குற்றவாளி வெளியே வந்துவிடுவான். அதனால் ஒன்றில் ஜெயித்து மற்றதில் தோற்றவர்கள் நிறைய உண்டு. ரிப்போர்ட் போட்டாச்சு, வழக்குப் போட்டாச்சு என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவது நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு. ரிப்போர்ட் வழக்கு ஆகாது.

இதையெல்லாம் அஞ்சலையக்காவுக்கு விளக்கியபோது அவர் கேட்டார்.

“அப்ப என் வீட்டத் திருடுன கேஸ்ல நான் சும்மா சாட்சியா லாயரம்மா?”

“குற்றவியல்ல ஆமாக்கா. சிவில்ல நீங்கதான் முதலாளி.”

“வீடு இருக்கட்டும் லாயரம்மா. என் பேரச் சொல்லிக்கிட்டு எவளோ ஒருத்தி சேரப் போட்டு உக்காந்து கையெழுத்துப் போட்டிருக்காளே. அதான் எனக்குத் தாங்கல. அஞ்சலைன்னா நான்தானே? அதுக்கு எந்த கோர்ட்டு?”

அந்தக் கேள்வியைக் கோப்பின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். 

விவரங்களைக் குறித்துக்கொண்டு வரும்போது கணவர் பெயர் கேட்டேன். அக்கா கைப்பையைத் திறந்து, கணவருடைய ஐசியை எடுத்து என் மேசையில் வைத்தார். வாயால் சொல்லவில்லை. என் அத்தைமார்களும் அப்படித்தான் என்பதால் நான் சிரித்துக்கொண்டேன்.

“இன்னுமாக்கா?”

“அவருக்கு நெஞ்சுல இப்பதான் குழாய் வச்சிருக்காங்க. பேரச் சொல்லி ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, வீட்ட வச்சு நான் என்னா பண்றது?”

நீலச்சட்டைக்காரர் அதைக் கேட்டும் கேட்காதவர் போல ஜன்னல் வழியாக மோனோரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, “இந்தா, கொடய எடுத்துக்க” என்றார். அவர் மனைவியை அழைப்பதும் அவ்வளவுதான். கல்யாணமானதிலிருந்து ‘இந்தா’.

அவர் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் பத்திரிகை அந்த வீட்டுக்கும் போகிறது.

கறிபாப் இடைவேளை

மறுபடியும் ஷா ஆலத்துக்கு வருவோம். நீதிபதியின் எச்சரிக்கைக்குப் பிறகும் அக்கா பெயரைச் சொல்லவில்லை. “வெளிய பெஞ்சுல நீலச்சட்ட போட்டு உக்காந்திருக்காரு, அவரத்தான் கட்டியிருக்கேன்” என்றார். காவலர் கதவைத் திறந்து பார்த்தார். நீலச்சட்டைக்காரர் சுவரில் தலை சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தேவைப்பட்டால் சாட்சியாக அழைக்கலாம் என்று நான்தான் அவரை வெளியே உட்கார வைத்திருந்தேன். சாட்சி சொல்ல இருப்பவர் மற்றவர் சாட்சியைக் கேட்கக் கூடாது என்பது விதி. இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளை விட்டார்கள். இங்கே இன்னொரு விதி. குறுக்கு விசாரணை நடுவில் நிற்கும்போது, சொந்த வழக்கறிஞரே ஆனாலும் சாட்சியிடம் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. கேண்டீனில் அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள் அக்கா, வீடு போய்விடும் அக்கா என்று என் தொண்டை வரை வந்தது. வேறு என்ன செய்ய? தட்டில் இருந்த கறிபாப் பலகாரத்தைப் பற்றிப் பேசினோம்.

“உருளக்கெழங்கு வேகல.”

“ஆமாக்கா.”

“கருவேப்பிலயும் போடல.”

“ஆமாக்கா.”

எனக்குப் பயமாக இருந்தது. கையெழுத்து நிபுணர்கள் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் இருந்தார்கள். நம்மவர் இது வேறு கை என்றார். அவர்களுடையவர் அப்படிச் சொல்ல முடியாது என்றார். கையெழுத்துப் போட்ட நாளில் கணவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்பதற்கும் அவர்கள் இருவர் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஆகவே அக்காவின் வார்த்தையை நீதிபதி நம்புகிறாரா இல்லையா என்பதில்தான் வீடு நின்றது.

திரும்பி உள்ளே போனதும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வெற்றிப் புன்னகையோடு முடித்தார். இந்த அம்மாள் எளிய கேள்விக்குக்கூட உண்மையைச் சொல்லாதவர், தானே விற்றுவிட்டு இப்போது மனம் மாறி நாடகம் ஆடுகிறார் என்றார். அக்கா “இல்ல” என்று மட்டும் சொன்னார்.

இப்போது என் முறை. மறு விசாரணையில் புது விஷயம் எதையும் கிளப்ப முடியாது. எதிர்த்தரப்பு தொட்டதை மட்டும்தான் விளக்கம் கேட்கலாம். அவர்தான் தொட்டுவிட்டாரே. மொழிபெயர்ப்பாளருக்குச் சாத்திய கதவை எனக்கு அவரே திறந்துவிட்டார்.

“கணவர் பெயரைக் கேட்டபோது ஏன் சொல்லவில்லை?”

அக்கா சொன்னார். நெஞ்சில் வைத்த குழாயைச் சொன்னார். தன் அம்மாவும் கடைசிவரை அப்பா பெயரைச் சொல்லாததைச் சொன்னார். பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தபோதும், ஆஸ்பத்திரியில் கணவரைச் சேர்த்தபோதும் ஐசியைக் காட்டியே காலம் ஓட்டியதைச் சொன்னார். நீதிபதி குறித்துக்கொண்டே வந்தவர், தலை நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கோபம் வந்தால்கூட சொல்ல மாட்டீர்களா?”

“கோவம் வந்தா நான் பேசவே மாட்டேம்மா.”

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னதும் நீதிபதி சிரித்துவிட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே இருந்தவர் உள்ளே வந்தார்

மறுநாள் எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்தவர், அந்தக் கைமாற்றுப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட வழக்கறிஞர். கெட்டவர் இல்லை. அவரும் ஏமாந்தவர்தான், ஆனால் ஏமாந்தேன் என்று ஒத்துக்கொள்ள மனம் இல்லாதவர். முதல் நாள் முழுக்க அவர் விதிப்படி நீதிமன்றத்துக்கு வெளியே இருந்தார். அக்கா பட்ட பாடு எதுவும் அவருக்குத் தெரியாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் நேர்மையானவர், அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்பார்கள். எனக்குப் பதில் ஏறக்குறைய தெரியும். ஆள் யார் என்று உறுதி செய்ய நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்போம், நான் உள்பட. விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

“உங்கள் முன் உட்கார்ந்தவர் அஞ்சலைதான் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?”

“ஐசியைப் பார்த்தேன். அதோடு விடவில்லை. முகவரி, பிறந்த ஊர், கணவர் பெயர் எல்லாம் கேட்டேன். நான் கவனமான ஆள்.”

“தெரியும். அவர் தயங்கினாரா?”

“கொஞ்சமும் இல்லை.”

“கணவர் பெயருக்கும்?”

“கேட்ட உடனே சொன்னார். சரியாகக் காதில் விழவில்லை என்றேன். மறுபடியும் உரக்கச் சொன்னார்.”

“நன்றி. வேறு கேள்வி இல்லை.”

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். நீதிபதி எழுதுவதை நிறுத்தி, பார்வையாளர் வரிசையில் இருந்த அக்காவை ஒரு முறை பார்த்தார். அங்கே இன்னது நடந்தது என்று அக்காவுக்கு இன்னும் புரியவில்லை. என்னைப் பார்த்து, என்ன என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். நான் கோட்டுக்குள் கையை இறுக மூடிக்கொண்டேன். சந்தோஷத்தில் மேசையைத் தட்டிவிடக் கூடாதே.

தீர்ப்பு வந்தது. வீடே போகக்கூடிய நிலையில் எச்சரித்தும் நீதிமன்றத்தில் கணவர் பெயரைச் சொல்லாத பெண், முன்பின் தெரியாத ஒருவர் அலுவலகத்தில் அதை இரண்டு முறை சொல்லியிருக்க முடியாது, அங்கே போனவர் வேறொருவர் என்று நீதிபதி எழுதியிருந்தார். கைமாற்றம் செல்லாது, வீடு அஞ்சலையின் பெயருக்கே திரும்ப வேண்டும். என் தொழிலில் நான் வாங்கிய தீர்ப்புகளில் இதை மட்டும் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்திருக்கிறேன்.

கிள்ளானில் ஒரு காலை

குற்றவியல் வழக்கு அதன் போக்கில் மெதுவாக வந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குணாவுக்கும், அக்காவாக நடித்த பெண்ணுக்கும் சிறை. நான் சொல்ல வந்தது அதுவல்ல.

கிள்ளான் நீதிமன்றத்தில் எனக்குப் பேச உரிமை இல்லை. பாதிக்கப்பட்டவர் சார்பில் கவனிக்க வந்தவள் மட்டும்தான். அக்கா தன் சாட்சியத்தை முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரசு வழக்கறிஞர் இளம்பெண். நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல், ஐசியைக் காட்டச் சொல்லிச் சமாளித்துவிட்டார்.

அடுத்து அழைக்கப்பட்டவர் நீலச்சட்டைக்காரர். கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்படும் நாளில் அக்கா தன்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று சொல்வதற்காக. அன்றும் அதே நீலச்சட்டைதான்.

“உங்கள் மனைவி பெயர் என்ன?” என்று கேட்டார் அரசு வழக்கறிஞர்.

அவர் பதில் சொல்லவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பக்கமும் இப்படி ஒரு வழக்கம் இருந்து தொலைக்கிறதோ என்று நினைத்தேன். முன்னெச்சரிக்கையாக மனைவிக்காக மட்டும் சொல்லி வைத்தவள், கணவரைக் கேட்க மறந்துவிட்டேனே.

அவர் குற்றவாளிக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போலி ஐசியில் ‘அஞ்சலை’ என்று இருந்த பெண் அங்கே தலை குனிந்து நின்றிருந்தாள். அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அஞ்சலை.”

“அவர் இந்த நீதிமன்றத்தில் இருக்கிறாரா? காட்ட முடியுமா?”

அவர் கையைத் தூக்கினார். அது குற்றவாளிக் கூண்டைத் தாண்டி, காவலரைத் தாண்டி, எங்கள் வரிசைக்கு வந்து நின்றது.

“அதோ, பூப்போட்ட துண்டு. அதுதான் அஞ்சலை. வேற யாரும் அஞ்சலை இல்ல.”

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். அக்கா துண்டின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, வலிக்கும் அளவுக்கு. பிறகு என் காதருகே குனிந்தார். கண் நிறைய நீர், குரலில் மட்டும் பழைய கிண்டல்.

“இந்த மனுசன் வாயால என் பேரக் கேக்க, வீடே திருட்டுப் போக வேண்டியிருக்குலா.”